இடது ஓரத்தில் மட்டும் கோந்து

அரசாங்க வேலையில் சேர்ந்த முதல் ஐம்பது நாளும் அருக்காணி கோந்துதான் ஒட்டினாள்.

பென்ஷன் விதிப் புத்தகம் என்று ஒன்று இருந்தது. செங்கல் கனம். அதில் அச்சாகியிருந்த விதிகளில் பாதி அப்படியே நடப்பில் இல்லை. இந்த வரியை எடு, அந்த இடத்தில் இதைப் போடு என்று திருத்தச் சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு சீட்டையும் கத்தரித்துப் பழைய விதியின் மேல் ஒட்ட வேண்டும். அலுவலகத்தில் முப்பத்தாறு புத்தகங்கள். பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். ஆளுக்கு நாலு.

"இடது ஓரத்துல மட்டும் கோந்து. முழுக்கத் தடவப்படாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் ராஜகோபாலன். பயிற்சி வகுப்பை நடத்திய சூப்பரின்டெண்டெண்ட் அவர். ஒரு சீட்டை எடுத்து, ஓரத்தில் விரலால் கோந்தை இழுத்து ஒட்டி, மறு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். "ஜன்னல் கதவு மாதிரித் தெறக்கணும். எழுபத்தஞ்சுல ரிட்டயரானவனுக்கு எழுபத்தஞ்சாம் வருஷத்து விதி. அடியில இருக்கறதைப் படிக்க முடியாமப் போயிட்டா அவன் கேஸை எப்படிப் பாக்கறது?"

"அப்போ எது சார் சரியான ரூல்? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?" என்று கேட்டான் பக்கத்து நாற்காலி சேஷு.

"எது எவனுக்குங்கறதுதான்டா உத்தியோகமே."

சேஷு டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அருக்காணியின் பக்கம் சாய்ந்து, "அரே, இது புக் இல்ல. ஆக்ஸிடென்ட் கேஸ். நாம பேண்டேஜ் போட்டுண்டிருக்கோம்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். ராஜகோபாலன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அருக்காணிக்கு அப்போது பத்தொன்பது வயது. லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்தவள். படிப்பு சுமார்தான். ஓட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே அவள்தான் முதல். எண்ணூறு மீட்டர் ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் பேசுவாள். விளையாட்டு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, போட்டோ ஒட்டி அலமாரியில் வைத்திருந்தாள். எண்பத்தைந்து ஜனவரியில் அவள் அப்பா பரமசிவம் அலுவலக மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பரமசிவம் அந்த அலுவலகத்தில் தஃப்தரி. கோப்புகளை அடுக்குவது, நாடா கட்டுவது, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் அந்தக் காகிதங்களோடு இருந்தவர். அவர் போன பிறகு கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதப் பயிற்சியை முடித்து, கடைசியில் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸும் அந்தப் பரீட்சையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு அப்பா பெயரில் ஒதுக்கியது. மகள் தேறினால் அவள் பெயருக்கு மாறும், வேலை நிரந்தரமானதும் மாற்றம் உறுதியாகும். தேறாவிட்டால் ஜூலைக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இதைச் சொல்லி வந்த கடிதத்தை அம்மா பொன்னி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். வெயில் ஏறத் தொடங்கியதும் கூலரில் மாட்டியிருந்த பழைய கஸ் தட்டி, வெட்டிவேர்ப் பாய், உதிர்ந்து தண்ணீரோடு தரையெல்லாம் வந்தது.

"ஏன் அம்மிணி, புதுத் தட்டி வாங்கிப் போடலாமா, இல்ல போற எடத்துல பாத்துக்கலாமா?" என்று ஒரு நாள் கேட்டாள் பொன்னி.

"போற எடம்னு ஏம்மா சொல்ற?"

"நா ஒண்ணுஞ் சொல்லல. நீதான் சொல்லோணும்."

தங்கை செல்வி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அருக்காணிக்குக் கால் குடைந்தது.

ஐம்பது நாள் கோந்துக்குப் பிறகு கணக்குப் பாடம் தொடங்கியது. கணக்கு என்றால் கூட்டல் கழித்தல்தான், ஆனால் ரூபாய்க்கு அல்ல, நாட்களுக்கு. ஒருவர் இத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்றால், அதில் எந்த நாள் பென்ஷனுக்குச் சேரும், எந்த நாள் சேராது என்று சலித்து எடுக்க வேண்டும். சஸ்பெண்ட் ஆன நாள் சேராது, குற்றமில்லை என்று பிறகு தீர்ப்பானால் சேரும். பதினெட்டு வயசுக்கு முந்திய நாள் சேராது. சம்பளமில்லாத விடுப்பு சேராது, ஆனால் அது டாக்டர் சான்றிதழின் பேரில் எடுத்தது என்றால் சேரும். ஒவ்வொரு 'சேராது'க்கும் அடியில் ஒரு 'ஆனால்' ஒளிந்துகொண்டிருந்தது. அந்த 'ஆனால்' ஏதாவது ஒரு சீட்டின் கீழே இருக்கும்.

மூன்று வாரம் அவள் போட்ட எந்தக் கணக்கும் ஒத்து வரவில்லை. தாள் சிவப்புப் பெருக்கல் குறியோடு திரும்பி வரும். எங்கே தப்பு என்று கேட்டால், "புஸ்தகத்தைப் பாரும்மா" என்பார் ராஜகோபாலன். புத்தகத்தைப் பார்த்தால் அவளே ஒட்டிய சீட்டு. மேசைக்கு அடியில் அவள் கால் தானாக ஆடும். பெஞ்சு முழுவதும் அதிரும். "யாருப்பா அது, தையல் மெஷின் ஓட்டறது?" என்று அவர் கேட்பார். எட்டுப் பேர் சிரிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரமும் சைக்கிள் நிறுத்தும் இடமும் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டடத்தை நாலு தரம் வேகமாகச் சுற்றி நடந்துவிட்டு வந்து உட்காருவாள். வேர்வை காய்வதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும்.

ஒரு நாள் திடீரென்று பிடிபட்டது. சைக்கிள் ஓட்ட வருவது போல. அதுவரை எழுத்தாக இருந்ததெல்லாம் ஆட்களாகத் தெரிந்தது. இந்த நாள் ஏன் போனது, அந்த நாள் ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றியது. அங்கேதான் தொல்லையும் தொடங்கியது.

மாதிரிக் கணக்குகள் எல்லாம் உண்மையான கேஸ்கள். முடிந்துபோன கோப்புகளிலிருந்து விவரத்தை எடுத்து ஒரே பக்கமாக ஸைக்ளோஸ்டைல் செய்து கொடுப்பார்கள். ஏழாவது மாதிரி ஜோதிலிங்கம் என்ற பம்ப் ஆபரேட்டருடையது. நாற்பத்தெட்டு வயசில் வேலையில் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷம் வேண்டும். அவருக்கு இருந்தது ஒன்பது வருஷம் பத்து மாதம். அரை வருஷம் அரை வருஷமாகத்தான் எண்ணுவார்கள், மிச்சம் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருந்தால் அதையும் அரை வருஷமாக எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பத்து வருஷம் வந்துவிடும். ஆனால் நாற்பது நாள் சம்பளமில்லாத விடுப்பு இருந்தது. அதைக் கழித்தால் ஒன்பது வருஷம், எட்டு மாதம், இருபது நாள். மிச்சம் மூன்று மாதத்துக்குப் பத்து நாள் குறைவு. முடிவு: ஒன்பதரை வருஷம், பென்ஷன் கிடையாது. கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அருக்காணி எழுந்து நின்றாள். "சார், இந்த நாப்பது நாள் லீவு டாக்டர் சர்ட்டிபிகேட்டோட எடுத்ததுங்களா, இல்லாமயா?"

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலைங்க சார்."

"போடாததைப் படிக்காதே. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கால் உட்காரவில்லை. மதியம் கட்டடத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக அடித்தளத்துக்கு இறங்கிப் போனாள். கோப்பு அறையில் அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்த ராம் சரண் இருந்தார். "என்ன பிட்டியா, அப்பா ஞாபகமா?" என்று, மகளைக் கூப்பிடுவது போல, இந்தியில் கேட்டார். தாளின் தலையில் இருந்த கோப்பு எண்ணைச் சொன்னாள். ஏணியில்கூட ஏறாமல் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். கட்டியிருந்த நாடாவில் அப்பாவின் முடிச்சு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் சுருக்கு, இழுத்தால் வழுக்கி வரும் முடிச்சு.

முப்பத்தோராம் பக்கத்தில் விடுப்பு விண்ணப்பம். அதன் முதுகில் நாலாக மடித்த ஒரு தாள் குண்டூசியில் குத்தப்பட்டிருந்தது. குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப் போயிருந்தது. யாரும் அதைப் பிரித்ததே இல்லை. பிரித்தாள். மஞ்சள் காமாலை, நாற்பது நாள் ஓய்வு, டாக்டர் கையெழுத்து, டிஸ்பென்ஸரி முத்திரை.

பிறகு கணக்குத் தாளைப் புரட்டினாள். 'பென்ஷன் இல்லை' என்ற வரிக்குக் கீழே இருந்த சுருக்கொப்பம், தினமும் அவளுடைய தாள்களில் சிவப்பு மையில் விழும் அதே கையெழுத்து. நாலு வருஷத்துக்கு முன்னால் ராஜகோபாலன் போட்ட கணக்கு அது.

அவரிடமே போய்ச் சொன்னாள். தனியாக, கதவோரம் நின்று. அவர் கேட்டுக்கொண்டே மேசை மேலிருந்த பின்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"தீர்ந்த கேஸ்மா அது. நாலு வருஷமா ஒவ்வொரு பேட்ச்சும் போடறது. எல்லாருக்கும் ஒன்பதரைதான் வந்திருக்கு."

"அவுங்களுக்கு அந்தத் தாள் தெரியாதுங்களே சார்."

"நோக்கும் தெரியாது. பரீட்சைக்கு அந்தத் தாள் வராது" என்றார். பின் டப்பாவை மூடினார். அவ்வளவுதான்.

சேஷு தலையில் அடித்துக்கொண்டான். "தூ பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு? ஏழாம் நம்பர் எல்லா வருஷமும் டெஸ்ட்ல வரும். கணக்குப் பேப்பர்ல ஒரே ஒரு விடை மாறினாக்கூட ஃபெயில். நீ பத்துன்னு எழுதினா குவார்ட்டர்ஸை எவன் தருவான், ஜோதிலிங்கமா?"

வந்தது. பரீட்சையில் மூன்றாம் கேள்வி. பேர் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே. அருக்காணி பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கூலரிலிருந்து உதிர்ந்த கஸ் தட்டி நினைவுக்கு வந்தது, செல்வியின் தலையில் இருந்த ஈரத் துண்டு வந்தது. துருப்பிடித்த குண்டூசியும் வந்தது. ஒன்பதரை வருஷம், பென்ஷன் இல்லை என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள்.

ஒன்பது பேரில் அவள்தான் முதல். முழு மதிப்பெண். வீடு அவள் பெயருக்கு மாற்றப்படுகிறது, வேலை நிரந்தரமானதும் உறுதி செய்யப்படும் என்று கடிதம் வந்தது. பொன்னி அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுத் தட்டி வாங்கி வந்தாள். வீடெல்லாம் ஈர வேர் வாசனை. "உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாரு கண்ணு" என்றாள். அருக்காணி கூலருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. அந்தக் காற்று யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது போல இருந்தது.

கோப்பில் பார்த்த விலாசம் மனசில் இருந்தது. ஜனக்புரி, மகள் வீடு. மறுநாள் தமிழில் ஒரு கடிதம் எழுதினாள். ஐயா, உங்கள் நாற்பது நாள் விடுப்புக்கு டாக்டர் சான்றிதழ் உங்கள் கோப்பிலேயே முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லி மனுக் கொடுங்கள். உங்களுக்குப் பென்ஷன் உண்டு. கணக்கையும் கீழே வரிசையாகப் போட்டுக் காட்டினாள். கையெழுத்துப் போடவில்லை. மார்க்கெட் முனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பஸ் நிறுத்தம் வரை ஓடினாள். அவ்வளவு நாளைக்குப் பிறகு ஓடியது அன்றுதான். வழியில் காப்பி வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. அவளை ராஜகோபாலன் தலைமையிலான பிரிவிலேயே போட்டார்கள். மதிப்பெண் அதிகம் வாங்கியவளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேச்சு. எட்டு மேசை, இரண்டு மின்விசிறி, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலையும் பீரோ பாதி மறைத்திருந்தது. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அக்டோபரில் ஜோதிலிங்கத்தின் மனு வந்தது. ஆள் நல்ல மனுஷர். யாரிடமோ கொடுத்து ஆங்கிலத்தில் அழகாக டைப் அடித்து அனுப்பியிருந்தார். கடைசி வரியில், தங்கள் அலுவலகத்திலேயே உள்ள ஒரு நல்லவர் எழுதிய கடிதத்தை ஆதாரமாக இணைத்துள்ளேன் என்று இருந்தது. இணைத்தும் இருந்தார்.

மனு நேரே மேல்மாடிக்குப் போய், 'பரிசீலித்து எழுதவும்' என்று டெபுடி டைரக்டரின் குறிப்போடு கீழே இறங்கியது. ராஜகோபாலன் பழைய கோப்பை வரவழைத்தார். அதோடு இன்னொன்றையும் வரவழைத்தார். மறுநாள் கோப்பு அருக்காணியின் மேசைக்கு வந்தபோது அதில் இரண்டு இணைப்புகள் இருந்தன. இணைப்பு ஒன்று, தமிழில் மொட்டைக் கடிதம். இணைப்பு இரண்டு, பயிற்சிப் பரீட்சையில் முதலாக வந்த விடைத்தாள். என்ன எழுத வேண்டும் என்று பென்சிலில் ஒரு துண்டுத் தாளில் அவர் குறித்திருந்தார். இந்தக் கேஸ் நாலு வருஷமாகப் பயிற்சியில் மாதிரியாகத் தரப்படுகிறது. இதுவரை முப்பத்தெட்டுப் பேர் போட்டு முப்பத்தெட்டுப் பேருக்கும் இதே விடைதான் வந்திருக்கிறது. எனவே கணக்கு சரி. மனுவை நிராகரிக்கலாம்.

அருக்காணி அந்தத் துண்டுத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முப்பத்தெட்டில் அவள் ஒருத்தி. தெரியாமல் எழுதிய முப்பத்தேழு பேரோடு, தெரிந்தே எழுதிய ஒருத்தி. கிழவரின் பக்கம் பேசுகிற கையும் அவளுடையது, கழுத்தைப் பிடிக்கிற கையும் அவளுடையது.

"நாலு வரில முடிச்சுடும்மா" என்றார் ராஜகோபாலன் தன் மேசையிலிருந்தே. "அந்தக் கடுதாசி எழுதினது ஆபீஸ் ஆள்தான். யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று வேலை ஓடவில்லை. கோப்பை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் பொன்னி வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒருவேளை இந்த வீடு நமக்கு இல்லேன்னு ஆயிட்டா?"

பொன்னியின் கை நின்றது. "ஏன், என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கு வேற எதாச்சும் கேளு அம்மிணி" என்றாள் பொன்னி. ஒரு பட்டாணி கைநழுவி உருண்டது. எடுக்கவில்லை. "உங்கப்பா சம்பளத்துல நா ஒண்ணும் மிச்சம் புடிச்சு வெக்கல. இந்தச் செவுத்த நம்பித்தான் இருந்துபோட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை அருக்காணி எல்லோருக்கும் முன்னால் வந்து கோப்பைத் திறந்தாள். குறிப்புத் தாளில் அவள் எழுதியது நாலு வரிதான். இணைப்பு இரண்டில் உள்ள விடை என்னுடையது. சான்றிதழ் இருப்பது தெரிந்தும் பரீட்சையில் தேறுவதற்காகத் தவறாக எழுதினேன். சான்றிதழ் பக்கம் முப்பத்தொன்றில் உள்ளது. சரியான விடை பத்து வருஷம். அடியில் முழுக் கையெழுத்து, தேதி. நிறுத்தினால் எழுத முடியாது என்று தோன்றியதால் நிறுத்தாமல் எழுதினாள்.

பதினோரு மணிக்கு ராஜகோபாலன் கூப்பிட்டார். எதிரே உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"கடுதாசியும் நீதான்" என்றார், சத்தம் வெளியே போகாமல்.

அவள் மேசை மேலிருந்த பின் டப்பாவைப் பார்த்தாள்.

"நேத்தே தெரியும். கணக்கை வருஷம், மாசம், நாள்னு மூணு கட்டம் போட்டு, அடியில ரெட்டைக் கோடு. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே. போறாததுக்கு திருத்தச் சீட்டு நம்பர் வேற. சீட்டு நம்பர் போட்டு மொட்டைக் கடுதாசி எழுதினவ உலகத்துலேயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே."

சிரிப்பு வர வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"நேக்கு ரிட்டயராக இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. என் பென்ஷன் பேப்பர் மேல போயிண்டிருக்கு. இந்த நேரத்துல, கணக்குத் தப்புப் போட்டான், அதையே நாலு வருஷம் பாடமாவும் நடத்தினான்னு ஒரு குறிப்பு ஏறித்துன்னா என் பேப்பர் நின்னுடும். எத்தனை நாள் நிக்கும்னு நானே கணக்குப் போடுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மட்டும் தப்பிச்சுடுவியா? தெரிஞ்சே தப்பா எழுதினேன்னு உன் கையாலேயே எழுதியிருக்கே. கன்ஃபர்ம் ஆகாத பொண்ணு. வீடு போயிடும். பரமசிவம் பொண்ணுன்னுதான் சொல்றேன்."

"ஜோதிலிங்கத்துக்கு என்னங்க சார் இருக்கு?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அளவாகக் கத்தரித்தார். "குறிப்புத் தாளைக் கிழிக்கப்படாது, பக்க நம்பர் இருக்கு. மேல இதை ஒட்டு. ஒட்டிட்டு, 'சூப்பரின்டெண்டெண்ட் கருத்துக்கு'ன்னு ஒரே வரி எழுதிக் கொண்டா. மிச்சத்தை நான் எழுதிக்கறேன்."

அது அங்கே நடக்காத காரியம் அல்ல. எழுதின குறிப்பு பிடிக்கவில்லை என்றால் மேலே தாள் ஒட்டி வேறு எழுதுவதை அவள் வந்த நாளிலிருந்தே பார்த்திருக்கிறாள். அந்தத் தாள்களை முழுக்கக் கோந்து தடவி ஒட்டுவார்கள். உயிர் போனாலும் பிரியாது.

தன் மேசைக்கு வந்தாள். கோந்து பாட்டிலின் வாயில் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். மற்ற மேசைக்காரர்கள் அவரவர் தாளில் குனிந்திருந்தார்கள். பீரோவுக்கு மேல் தெரிந்த துண்டு ஜன்னலில் வெயில் இருந்தது. எழுந்து, படியிறங்கி, கேட்டைத் தாண்டி, மூச்சு முட்டும் வரை ஓடிக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. எங்கே ஓடினாலும் கடைசியில் சரோஜினி நகருக்குத்தான் வர வேண்டும். அந்த வீட்டுக்குத்தான்.

விரலில் கோந்தைத் தொட்டு, வெள்ளைத் தாளின் இடது ஓரத்தில் மட்டும் ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒட்டினாள். மேலே ஒரு வரி எழுதினாள். கோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

ராஜகோபாலன் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்கு முன் தாளைச் சமன்படுத்த உள்ளங்கையால் தடவினார். வலது ஓரத்துக்கு வந்ததும் கை நின்றது. கட்டை விரலால் ஓரத்தை மெல்லத் தூக்கினார். ஜன்னல் கதவு மாதிரித் திறந்தது. அடியில் நாலு வரியும் இருந்தது.

தலை நிமிரவில்லை. கோந்து பாட்டில் அவர் மேசையிலும் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். அருக்காணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள் ஒரு தரம் எழும்பி விழுந்தது.

அவர் தாளை மூடினார். அதன் மேல், 'கோப்பு முழுமையாகப் பார்க்க மேலே அனுப்பப்படுகிறது' என்று மட்டும் எழுதினார். சரி என்றும் எழுதவில்லை, நிராகரிக்கலாம் என்றும் எழுதவில்லை. தினமும் சிவப்பில் விழும் அந்தச் சுருக்கொப்பத்தைப் போட்டு, நாடாவைக் கட்டினார். "போ, வேலையைப் பாரு" என்றார்.

கோப்பு பன்னிரண்டு நாள் மேலேயே இருந்தது. படியில் பியூன் வரும் சத்தம் கேட்டால் ராஜகோபாலனும் அவளும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள். உடனே குனிந்துகொள்வார்கள். வீட்டில் பொன்னி கூலர் தட்டியைக் கழற்றி, காயவைத்து, பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அடுத்த வெயிலுக்கு என்றும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டு போவதற்கு என்றும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் கோப்பு வந்தது. ஒட்டுத்தாளின் மேல் எதுவும் இல்லை. ராஜகோபாலன் ஓரத்தைத் தூக்கினார். அடியில், அருக்காணியின் கையெழுத்துக்குப் பக்கத்தில், பச்சை மையில் டெபுடி டைரக்டரின் ஒரே ஒரு சொல். 'பேசவும்.'

அவர் நாற்காலி முதுகில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினார். பொத்தானைத் துளை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்.

"வா" என்றார்.

"நானுங்களா சார்?"

"ரெண்டு இணைப்பும் உன்னோடதுதானே. நான் மட்டும் போய் என்னத்தைப் பேசறது?"

படியில் அவர் முன்னால் போனார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று ஏறினார். அருக்காணி பின்னால் ஏறினாள். அப்பா உட்கார்ந்த இடம் பதினோராம் படி. அதைத் தாண்டும்போது கோப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒட்டுத்தாள் மடங்கிவிடக் கூடாதே என்று இருந்தது.